அணு உலை விபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடங்குளம், கல்பாக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மறுபடி மறுபடி வரும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். நேரமில்லாதவர்கள் எதை விட்டாலும் மூன்றாவது கேள்வியை விட வேண்டாம். பின்னால் வரும் பாதிப் பதில்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

அணு உலை அணுகுண்டு மாதிரி வெடிச்சிடுமா?

வெடிக்காது. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். கூடங்குளம் வகை உலையில் அதை 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டிப் போடுகிறார்கள். கல்பாக்கத்தின் கனநீர் (எடை கூடிய ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலைகள் செறிவூட்டாத யுரேனியத்திலேயே ஓடுகின்றன. குண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டிய செறிவு வேண்டும். அதையும் நொடியின் மிகச் சிறு துளிக்குள் அழுத்தி ஒன்றுசேர்க்க வேண்டும். உலையில் அந்த எரிபொருளும் இல்லை, அந்த அமைப்பும் இல்லை.

ஆனால் வேறு வகை வெடிப்புகள் நடந்திருக்கின்றன. செர்னோபிலில் நீராவியின் அழுத்தத்தால் உலை பிளந்தது. ஃபுகுஷிமாவில் ஹைட்ரஜன் வாயு தீப்பிடித்துக் கட்டடங்கள் சிதறின. இரண்டும் அணு வெடிப்பு அல்ல. இரண்டுமே கதிரியக்கப் பொருளை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன.

பெரிய கோபுரத்துல இருந்து வெள்ளையா புகை வருதே, அது கதிர்வீச்சா?

படங்களில் வரும் அகன்ற கோபுரங்கள் குளிர்விப்புக் கோபுரங்கள். அதிலிருந்து வருவது தண்ணீர் ஆவி. அனல் மின் நிலையங்களிலும் இதே கோபுரங்கள் உண்டு. கல்பாக்கமும் கூடங்குளமும் கடல்நீரால் குளிர்விப்பதால் அங்கே இவை இல்லை. ஒல்லியாக உயர்ந்து நிற்கும் குழாய்தான் கவனிக்க வேண்டியது. உலைக் கட்டடத்துக் காற்று வடிகட்டப்பட்டு, அளக்கப்பட்டு அதன் வழியே வெளியேறுகிறது. அதில் மிகச் சிறிதளவு கதிரியக்கம் இருக்கும். பூஜ்யம் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல.

ஏதாவது ஆபத்துன்னா சுவிட்சை அணைச்சிட வேண்டியதுதானே?

அணைப்பது சில நொடி வேலை. நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளே இறங்கியதும் தொடர்வினை, அதாவது ஒரு அணு பிளந்து வெளிவிடும் நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளக்கும் சங்கிலி, நின்றுவிடும். வெப்பம் நிற்காது. யுரேனியம் பிளந்து உண்டான சீசியம், அயோடின் போன்ற துண்டுகள் தாமாகச் சிதைந்து சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். இதை எஞ்சிய வெப்பம் என்கிறோம். விறகை இழுத்த பிறகும் கங்கு கனல்வது போலத்தான். ஆனால் கங்கைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடலாம், இதை அணைக்க வழியே இல்லை. தானாகக் குறையும்வரை சூட்டை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளே சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அணைத்த கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம், அதாவது ஏறக்குறைய 200 மெகாவாட் மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துச் சுமார் 40, ஒரு நாள் கழித்துச் சுமார் 15 மெகாவாட். அந்த 15 மெகாவாட்டை ஆவியாக்கியே வெளியேற்றுவதென்றால் ஒரு நாளைக்கு 500 டன் தண்ணீர் போகும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நாற்பதுக்கு மேல்.

தண்ணீர் வராவிட்டால் நடப்பது இது. உள்ளே இருக்கும் நீர் கொதித்து வற்றி எரிபொருள் கோல்கள் வெளியே தெரியும். சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கோல்களின் சிர்கோனியம் உறை நீராவியோடு வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும். அந்த வினையே மேலும் சூட்டைக் கிளப்பும். 2,800 டிகிரியை ஒட்டி யுரேனிய ஆக்சைடு வில்லைகளும் உருகும். அதனால் எந்த உலையைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மொத்த மின்சாரமும் போய்விட்டால் இந்தச் சூடு எந்த வழியாக வெளியேறும்?

அமெரிக்காவுல ஒரே ஒரு வால்வுனால உலை உருகிடுச்சாமே?

வால்வு பாதி, அதைப் பற்றிய தவறான தகவல் மீதி. பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் இரண்டாம் உலை, 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. நீராவி உண்டாக்கும் கலன்களுக்குத் தண்ணீர் தரும் பம்புகள் நின்றன. அழுத்தம் ஏறியது, தணிக்கும் வால்வு திறந்தது, உலையும் தானாக அணைந்தது. அதுவரை எல்லாம் முறைப்படியே. பிறகு மூட வேண்டிய வால்வு மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வுக்கு "மூடு" என்ற கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டும் கருவி அங்கே இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அழுத்தம் காக்கும் தொட்டியில் மட்டம் உயர்ந்து காட்டியதால், உலையில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்த ஊழியர்கள் தானாக வந்துகொண்டிருந்த அவசரத் தண்ணீரைக் கையால் குறைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் ஒரே நேரத்தில் அலறின. எது முக்கியம் என்று பிரித்தறிய முடியவில்லை. எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது. அதில் சுமார் 20 டன் உலைக்கலத்தின் அடிக்கு வழிந்தது. எஃகுக் கலம் தாங்கியது, வெளியே இருந்த காப்புக் கட்டடமும் தாங்கியது. சுற்றுவட்டார மக்களுக்குச் சராசரியாகக் கிடைத்த கதிர்வீச்சு ஒரு மார்பு எக்ஸ்ரேயை விடக் குறைவு.

செர்னோபில்ல உலையை நிறுத்துற பட்டனை அழுத்தினதாலதான் வெடிச்சதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

கேட்கவே நம்ப முடியாது. ஆனால் நிஜம்தான். அந்த உலை ஆர்.பி.எம்.கே. வகை: நியூட்ரான் வேகத்தைக் குறைக்க கிராஃபைட் (வேகம் குறைந்தால்தான் தொடர்வினை நடக்கும்), சூட்டை எடுக்கத் தண்ணீர். தண்ணீர் நியூட்ரான்களைக் கொஞ்சம் விழுங்கும். அது கொதித்து ஆவியானால் விழுங்க ஆளில்லை, கிராஃபைட்டோ தன் வேலையைத் தொடரும். ஆகவே கொதி கூடினால் சக்தி கூடும், சக்தி கூடினால் கொதி கூடும். குறைந்த சக்தியில் ஓடும்போது இந்தக் குணம் மிக மோசம்.

1986 ஏப்ரல் 26 இரவு நடந்தது ஒரு சோதனை. மின்சாரம் போனால், சுழன்று ஓயும் டர்பைனின் வேகத்தைக் கொண்டு பம்புகளைச் சில நொடிகள் ஓட்ட முடியுமா என்று பார்க்க நினைத்தார்கள். (மேலே சொன்ன அதே கவலைக்கான சோதனை என்பது வேதனையான விஷயம்.) 700 மெகாவாட் வெப்பத்தில் நடத்த வேண்டியது. சக்தி 30-க்கு விழுந்தது. அதை 200-க்கு இழுத்து நிறுத்துவதற்காக ஏறக்குறைய எல்லாக் கட்டுப்பாட்டுக் கோல்களையும் மேலே தூக்கிவிட்டார்கள். 1 மணி 23 நிமிடம் 40-வது நொடியில் உலையை நிறுத்தும் ஏ.இசட்-5 பட்டன் அழுத்தப்பட்டது. ஒவ்வொரு கோலின் கீழும் 4.5 மீட்டர் கிராஃபைட் துண்டு தொங்கியது. கோல் இறங்கத் தொடங்கியதும், உலையின் அடிப்பகுதியில் இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்கு கிராஃபைட் வந்தது. நியூட்ரானை விழுங்கும் போரான் பகுதி வந்து சேருமுன் அடியில் சக்தி எகிறியது. கோல் முழுதும் இறங்க 18 நொடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

இந்தக் கோளாறு 1983-லேயே லித்துவேனியாவின் இக்னலினா உலையில் தெரிந்திருந்தது. ஆனால் இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு அது எடுத்துச் சொல்லப்படவில்லை. முதலில் முழுப் பழியும் ஊழியர்கள்மேல் விழுந்தது. 1992-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு வடிவமைப்புக் குறையையே முன்னிறுத்தித் தன் முடிவைத் திருத்தியது. விதிகளை மீறினார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மறைக்கப்பட்ட குறையை விட்டுவிடுவது இறந்துபோனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

செர்னோபில்ல செத்தவங்க எத்தனை பேர்? ஒருத்தர் 31ங்கிறார், இன்னொருத்தர் லட்சம்ங்கிறார்.

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. வெடிப்பின் காயங்களில் இருவர் இறந்தார்கள். கடும் கதிர்வீச்சு நோய் 134 பேருக்கு உறுதியானது, அவர்களில் 28 பேர் சில மாதங்களில் இறந்தார்கள். பெரும்பாலும் தீயணைப்பு வீரர்களும் உலை ஊழியர்களும். அப்போது குழந்தைகளாக இருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது, அதில் இறப்பு 15. அதிகம் பாதிக்கப்பட்ட 6 லட்சம் பேரில் காலப்போக்கில் 4,000 வரை புற்றுநோய் இறப்பு நேரலாம் என்பது 2005-இல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து தந்த மதிப்பீடு. சிறு அளவுக் கதிர்வீச்சை ஐரோப்பா முழுதும் கணக்கிட்டுப் பெருக்கினால் இன்னும் பெரிய எண்கள் வரும். அவை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தவை அல்ல, கணக்கிட்டுச் சொல்லப்படுபவை.

குழந்தைகளின் தைராய்டு நோய்க்கு முக்கியக் காரணம் பால். புல்லில் படிந்த கதிரியக்க அயோடின்-131 மாட்டின் வழியாகக் குழந்தைக்குப் போனது. உடனடியாகப் பாலை நிறுத்தியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரத்தாரை வெளியேற்றியதே மறுநாள் பிற்பகலில்தான்.

ஜப்பான்காரங்களாலேயே ஃபுகுஷிமாவைத் தடுக்க முடியலை. நாம எப்படி?

ஜப்பானிலேயே தடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சரியாக அணைந்தன. வெளி மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. சுமார் 50 நிமிடம் கழித்து வந்த அலை 14, 15 மீட்டர் ஏறியது. வடிவமைப்பில் எதிர்பார்த்தது 5.7 மீட்டர். ஜெனரேட்டர்களும் மின் பலகைகளும் பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன, மூழ்கின. அதன் பிறகு மூன்றாவது கேள்வியில் சொன்ன வரிசை ஒன்றுவிடாமல் நடந்தது: வற்றல், ஹைட்ரஜன், உருகல். 12-ஆம் தேதி முதல் உலைக் கட்டடமும் 14-இல் மூன்றாவதும் வெடித்தன. உலைக்கலத்துக்குள் எரிபொருளே இல்லாத நான்காம் உலையின் கட்டடமும் 15-இல் வெடித்தது. மூன்றாம் உலையின் ஹைட்ரஜன் பொதுக் குழாய் வழியாக அங்கே போய்த் தங்கியிருந்தது. சற்று உயரத்தில், காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் பிழைத்தது. அது ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது.

நிலநடுக்க மையத்துக்கு இதைவிட அருகில் இருந்தது ஒனகாவா நிலையம். அங்கே அலை சுமார் 13 மீட்டர், நிலையத்தின் தளம் 14.8 மீட்டர் உயரம். பழைய சுனாமிகளை மனத்தில் வைத்து அந்த உயரத்துக்காக வாதாடியவர் யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர். வீடிழந்த 300-க்கும் மேற்பட்டோர் அந்த நிலையத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். ஃபுகுஷிமாவை நடத்திய நிறுவனமும் 15.7 மீட்டர் அலை வரலாம் என்று 2008-இல் கணக்கிட்டு வைத்திருந்தது, சுவர் எழுப்பவில்லை. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றே எழுதியது.

2004 சுனாமி கல்பாக்கத்துக்கும் வந்ததே, அப்ப என்னாச்சு?

அன்று இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்து பம்புகள் நின்றன, உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. முக்கியக் கட்டடங்கள் உயரத்தில் இருந்ததால் எஞ்சிய வெப்பத்தை எடுக்கும் வேலை தடைப்படவில்லை. சில நாட்களில் உலை மீண்டும் ஓடியது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, பக்கத்தில் புதிய விரைவு ஈனுலைக்குத் தோண்டியிருந்த அடித்தளக் குழியில் கடல் நிறைந்தது.

நமக்கு ஒரு சாதகம் உண்டு. ஃபுகுஷிமாவுக்கும் நிலநடுக்க மையத்துக்கும் இடையே சுமார் 180 கி.மீ. சுமத்ரா பிளவு தமிழகக் கரையிலிருந்து 1,000 கி.மீ.க்கும் அப்பால். அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்தியாவுல பெரிய விபத்தே நடந்ததில்லைங்கிறது உண்மையா?

ஊருக்குள் கதிரியக்கம் பரவிய விபத்து எந்த மின் உலையிலும் நடக்கவில்லை. ஆனால் மயிரிழையில் தப்பியது உண்டு. உத்தரப் பிரதேசத்தின் நரோரா முதல் உலை, 1993 மார்ச் 31 அதிகாலை. டர்பைனின் இரண்டு பிளேடுகள் முறிந்தன. அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து, எண்ணெயோடு சேர்ந்து எரிந்தது. முதன்மை மின் கம்பிகளும் மாற்றுக் கம்பிகளும் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே பாதையில் போனதால் எல்லாம் கருகின. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்து ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை.

காப்பாற்றியது மூன்று விஷயங்கள். உலையை உடனே கையால் அணைத்தார்கள். இருட்டில் டார்ச் விளக்கோடு மேலே ஏறி வால்வுகளைத் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். தீயணைப்புக்கான டீசல் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். உலைக்குள் சூடான நீர் மேலேறி, ஆறிய நீர் கீழிறங்கும் இயற்கைச் சுழற்சியே பம்பு இல்லாமல் சூட்டைக் கடத்தியது. அணு விபத்துகளுக்கான சர்வதேச அளவுகோலில் இது 7-க்கு 3. அந்த வகைப் பிளேடுகளில் குறை உண்டு என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அந்த ஊழியர்களின் பெயர்கள் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும்.

கூடங்குளமும் செர்னோபிலும் ரெண்டும் ரஷ்ய உலைதானே?

நாடு ஒன்று, வகை வேறு. கூடங்குளத்தில் இருப்பது வி.வி.இ.ஆர்.-1000. இதில் கிராஃபைட் கிடையாது. சூட்டை எடுப்பதும் நியூட்ரான் வேகத்தைக் குறைப்பதும் ஒரே தண்ணீர். தண்ணீர் குறைந்தால் தொடர்வினையும் தானே குறையும். செர்னோபிலில் இல்லாத காப்புக் கட்டடம் இங்கே இரட்டைச் சுவராக நிற்கிறது. மின்சாரம் இல்லாமலே எஞ்சிய வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கடத்தும் குழாய்த் தொகுதி, ஹைட்ரஜனைத் தீப்பிடிக்குமுன் தண்ணீராக்கும் வினையூக்கித் தகடுகள், உலை உருகினால் அந்தக் குழம்பைப் பிடித்துக்கொள்ளும் தொட்டி ஆகியவையும் உண்டு. வடிவமைப்பாக இது பல படி மேல். பொருத்திய பாகங்களின் தரமும் பராமரிப்பும் வேறு கேள்வி. அதை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆய்வு அறிக்கைகளைக் கேட்டு வாங்கித்தான் அறிய முடியும்.

கனநீர் உலையிலயும் செர்னோபில் மாதிரி கொதிச்சா சக்தி கூடும்னு படிச்சேன். அப்போ கல்பாக்கம்?

படித்தது சரி, நல்ல கேள்வி. கனநீர் உலையில் குளிர்விக்கும் நீர் ஆவியானால் சக்தி சற்றுக் கூடவே செய்யும். ஆனால் அந்த ஏற்றம் சிறியது. கனநீரில் நியூட்ரான்கள் நெடுநேரம் உலவுவதால் ஏற்றமும் மெதுவாக நடக்கும், அணைக்கும் அமைப்புக்கு நேரம் கிடைக்கும். நரோராவிலும் அதற்குப் பிறகும் கட்டப்பட்ட இந்தியக் கனநீர் உலைகளில் (கல்பாக்கம் இவற்றுக்கு முந்தியது) ஒன்றையொன்று சாராத இரண்டு வேக நிறுத்த அமைப்புகள் உண்டு. செர்னோபில் கோல்களில் இருந்த கிராஃபைட் முனை இவற்றில் கிடையாது.

மில்லிசீவெர்ட்னு சொல்றாங்க. எவ்வளவு வந்தா பயப்படணும்?

மில்லிசீவெர்ட் என்பது உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. உலகச் சராசரியாக இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் எல்லோருக்கும் கிடைக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை போன்ற தோரியம் மணல் பகுதிகளில் இதைவிடக் கூடுதல். நெஞ்சு சி.டி. ஸ்கேன் ஒன்றுக்குச் சுமார் 7. உலையால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1-க்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. ஒரே நேரத்தில் 1,000-ஐ ஒட்டி வாந்தி, சோர்வு என்று நோய் தெரியும். 4,000 முதல் 5,000 வரை கிடைத்தால், சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் இறப்பார்கள்.

ஏதாவது நடந்தா உடனே வண்டியை எடுத்துக்கிட்டு ஓடணுமா?

முதல் வேலை உள்ளே போவது. ஓட்டு வீட்டைவிடக் கான்கிரீட் வீடு நல்லது, சன்னல் ஓரத்தைவிட நடு அறை நல்லது. கதவு சன்னல்களை மூடுங்கள், மின்விசிறி பரவாயில்லை, வெளிக்காற்றை இழுக்கும் கூலரையும் ஏசியையும் நிறுத்துங்கள். வெளியே இருந்து வந்தவர் மேலாடையையும் செருப்பையும் வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுத் தலைக்குக் குளிக்க வேண்டும். உடலில் ஒட்டிய தூசியில் பெரும்பகுதி ஆடையோடு போய்விடும். திறந்த கிணற்று நீர், கறந்த பால், தோட்டத்துக் கீரை மூன்றையும் அறிவிப்பு வரும்வரை தொட வேண்டாம். மாட்டைக் கொட்டகையில் கட்டி, மூடிவைத்த வைக்கோலைப் போடுங்கள்.

கண்மூடித்தனமாக ஓடுவதும் கொல்லும். ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சு நோயால் உடனடியாக யாரும் இறக்கவில்லை. மருத்துவமனையிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் தயாரிப்பில்லாமல் ஏற்றிச் செல்லப்பட்ட நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள். இந்தியாவில் உலையைச் சுற்றி 16 கி.மீ. வரை அவசரகாலத் திட்டப் பகுதி. உங்கள் ஊரின் கூடுமிடம் எது, எந்தப் பேருந்து வரும் என்பதை ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இப்போதே கேட்டு வையுங்கள். படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அயோடின் மாத்திரை வாங்கி வெச்சுக்கலாமா? இல்லேன்னா உப்பு சாப்பிட்டாப் போதுமா?

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டை நிரப்பிவிடும், கதிரியக்க அயோடினுக்கு இடமிருக்காது. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, அதற்குக் குறைந்த சிசுவுக்கு 16. கதிரியக்கக் காற்று வருமுன் 24 மணி நேரத்திலிருந்து வந்த பின் 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் முழுப் பலன். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதலிடம், 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பயன் குறைவு. அதிகாரிகள் சொன்ன பிறகே சாப்பிட வேண்டும். சீசியத்தையோ மற்றவற்றையோ இது தடுக்காது.

உப்பு உதவாது. ஒரு மாத்திரையில் இருக்கும் அயோடின் கிடைக்கக் கிலோக்கணக்கில் உப்புத் தின்ன வேண்டிவரும். 2011-இல் சீனாவில் கடைகளில் உப்பு தீர்ந்துபோகும் அளவுக்கு வாங்கிக் குவித்தார்கள், ஒருவருக்கும் பயனில்லை.

போர்ல உலைமேல குண்டு விழுந்தா?

காப்புக் கட்டடத்தைத் துளைப்பது கடினம். மின் கம்பியை அறுப்பது எளிது, ஆபத்தும் அதில்தான். உக்ரைனின் சபோரிஷியாவில் ஆறு வி.வி.இ.ஆர். உலைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யப் படையின் கையில் இருக்கின்றன. வெளி மின்சாரம் பலமுறை முழுதும் அறுந்து, டீசல் ஜெனரேட்டர்களே குளிர்விப்பைத் தாங்கின. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து நீர்த்தேக்கம் வற்றியதும் கிணறுகள் தோண்ட வேண்டிவந்தது. அந்த உலைகள் 2022 செப்டம்பர் முதல் மின்சாரம் தயாரிக்கவில்லை என்பதால் எஞ்சிய வெப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அவகாசம் மணிக்கணக்கிலிருந்து நாட்கணக்குக்கு நீண்டிருக்கிறது.

எரிச்சு முடிச்ச எரிபொருளை என்ன பண்றாங்க? அதுவும் வெடிக்குமா?

வெளியே எடுத்ததும் ஆழமான குளத்தில் தண்ணீருக்கடியில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். தண்ணீர் சூட்டையும் எடுக்கும், கதிர்வீச்சையும் தடுக்கும். குளம் வற்றினால் மூன்றாவது கேள்வியின் கதைதான், வேகம் மட்டும் குறைவு. ஃபுகுஷிமா நான்காம் உலையின் குளத்தில் 1,500-க்கும் மேற்பட்ட எரிபொருள் கட்டுகள் இருந்ததால் உலகமே பதறியது. குளம் வற்றவில்லை, 2014 முடிவதற்குள் அத்தனையையும் பத்திரமாக எடுத்துவிட்டார்கள்.

கூடங்குளத்தில் குளம் காப்புக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் கொள்ளளவு சில ஆண்டுகளுக்கே போதும். 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உலைக்கு வெளியே தனிச் சேமிப்பிடத்தை ஐந்து ஆண்டுக்குள் அமைக்கச் சொன்னது. அந்தக் கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. குளத்தில் இப்போது எத்தனை கட்டுகள் இருக்கின்றன, இன்னும் எத்தனைக்கு இடம் இருக்கிறது என்ற இரண்டு எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.